முற்றத்தில் வாழும் மூவர்

வைகையாற்றின் வடகரையில் அமைந்த பகுதி கோரிப்பாளையம். மதுரை மாநகரின் இரு கரைகளையும் இணைக்கும் பழைய பாலத்தின் வடமுனையில் அது உள்ளது. அடக்கத்தலத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்னும் பாரசீகச் சொல்லின் அடியாக அப்பெயர் பிறந்தது என்பர். அங்குள்ள புகழ்பெற்ற தர்காவும், அருகே நிற்கும் அமெரிக்கன் கல்லூரியும், அரசு மருத்துவமனையும் அவ்விடத்தை எந்நேரமும் மக்கள் கூடும் இடமாக ஆக்கியுள்ளன. இன்று அங்கே பேருந்துகளின் முழக்கமும் ஆட்டோக்களின் இரைச்சலும் ஓய்வதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அப்பாலத்தின் மீது குதிரைகளின் குளம்பொலி கேட்டது. புகைவண்டியில் வந்திறங்கியவர்களை ஊருக்குள் கொண்டு சேர்த்தவை ஜட்கா வண்டிகள். அவற்றை இழுத்தவை பெரும்பாலும் மட்டக்குதிரைகளே.

அந்நாளில் ஆற்றின் வடபுறத்துத் தெருக்களிலும், அவற்றுக்கு அப்பால் அழகர்மலை வரையில் பரந்து கிடக்கும் சமவெளியின் சிற்றூர்களிலும், ஒரு குதிரை, ஒரு நாய், சில கோழிகள் ஆகியவற்றோடு கூடிய சிறு மனைகள் பல இருந்தன. கோழியும் நாயும் உள்ள மனைகள் இன்றும் எண்ணிறந்தவை. குதிரை மட்டும் அருகிவிட்டது. ஆயினும் அது முற்றும் மறைந்துவிடவில்லை. பந்தயத்திற்காகவும் சவாரிக்காகவும் அதனை வளர்ப்போர் இன்றும் உளர். எனவே, இம்மூன்று உயிர்களோடும் மனிதர் எவ்வாறு வாழ வேண்டும் என்னும் வினா பழங்கதையன்று, இன்றைய வினாவேயாகும்.

தமிழர் இம்மூன்று உயிர்களுக்கும் அளித்த மதிப்பு சிறிதன்று. சேவல், முருகப்பெருமானின் கொடியில் இடம் பெற்றது. நாய், வைரவருக்கு ஊர்தியாயிற்று. குதிரையோ ஊர்தோறும் ஐயனார் கோயிலின் முன் சுடுமண் உருவாய் நிமிர்ந்து நிற்கிறது. மதுரைக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு தனிச்சிறப்பு வாய்ந்தது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரே மாணிக்கவாசகராய் மலர்ந்தார் என்பதும், நரிகள் பரிகளாயின என்பதும் இந்நகரின் திருவிளையாடற் கதைகள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரையின் மீது அமர்ந்து வைகையாற்றில் எழுந்தருளுகிறார். அக்காட்சியைக் காணக் கூடும் மக்கள் வெள்ளம் ஆற்றின் இரு கரைகளையும் நிரப்புகிறது.

கல்லிலும் இவ்வுயிர்களின் பெருமை பொறிக்கப்பட்டுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. போரில் வீழ்ந்த வீரனுடன், கள்வரைக் கடித்துக் காவல் காத்த அவனுடைய நாயும் அக்கல்லில் இடம் பெற்றிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னர் பலருடைய பெயர்கள் மறைந்தொழிந்தன. ஒரு நாயின் பெயர் மறையவில்லை! விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்டு மாண்ட கோழிக்கே ஒரு நினைவுக்கல் எடுக்கப்பட்டுள்ளது. விலங்கையும் பறவையையும் பெயர் சொல்லி நினைத்த பெருமை தமிழகத்திற்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. கல்லில் உள்ள நாய்க்குப் பசியில்லை. ஐயனாரின் மண்குதிரைக்குத் தாகமில்லை. முற்றத்தில் கட்டப்பட்டுள்ள குதிரைக்கும் நாய்க்கும் இரண்டும் உண்டு. இவ்வேறுபாட்டை மறந்தவர்கள் எத்தனை அன்பு பாராட்டினும் அவ்வன்பால் அவ்வுயிர்களுக்குப் பயனில்லை.

மனையில் இவ்வுயிர்களைப் பேணுவோருடைய ஒரு நாளின் வேலை எத்தகையது என்று காண்போம். கிழக்கு வெளுக்கும் முன்பே சேவல் கூவுகிறது. கதிரவனின் ஒளியைக் கண்டுதான் அது கூவுகிறது என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. ஜப்பான் நாட்டு நகோயா பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஓர் உண்மையை விளக்கியது. இரவும் பகலும் ஒரே மங்கிய ஒளியில் வைக்கப்பட்ட சேவல்களும் விடியற்பொழுதை ஒட்டியே கூவின. நேரத்தை அறியும் கடிகாரம் ஒன்று சேவலின் உடலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பல சேவல்கள் உள்ள இடத்தில் தலைமை பெற்ற சேவலே முதலிற் கூவும் என்றும், மற்றவை தத்தம் வரிசைப்படி பின்னரே கூவும் என்றும் அவர்கள் 2015இல் கண்டறிந்தனர்.

சேவல் கூவியதும் வீட்டார் எழுகின்றனர். பஞ்சாரம் தூக்கப்படுகிறது. கோழிகள் சிறகடித்து வெளியே ஓடுகின்றன. குருணையும் கம்பும் இறைக்கப்படுகின்றன. அடைகாக்கும் கோழி மட்டும் கூட்டை விட்டு அகல மனமின்றிச் சிறிது நேரம் வந்து, விரைவாகக் கொத்தித் தின்று, நீர் அருந்தி, மீண்டும் முட்டைகளின் மீது சென்று அமர்கிறது. 21 நாள் அது இவ்வாறு தவம் கிடக்கிறது. முட்டைகளைத் தன் அலகால் அடிக்கடி புரட்டி, எல்லாப் பக்கமும் ஒரே சூடு படுமாறு செய்கிறது. குஞ்சு பொரித்த பின்னரோ பருந்தின் நிழல் தரையில் விழுந்தாலும் அது சீறி எழுகிறது. வீட்டுச் சிறுவர் கறையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து குஞ்சுகளின் முன் உதிர்க்கின்றனர். தாய்மை என்பது யாது என்று அச்சிறுவருக்கு எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்த வேலை குதிரைக்குரியது. அது பெரும் வேலை. குதிரையின் உடல் பெரிதாயினும் இரைப்பை சிறிது. ஆகவே, அதற்குப் பேருணவை ஒரே வேளையில் இடுதல் கேடாகும். சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் வேண்டும். புல்லே அதன் முதன்மையான உணவு. ஊறவைத்த கொள்ளு உழைப்பிற்கு ஏற்ற துணையுணவு. தின்றது ஒவ்வாவிடினும் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்றுவலியால் துடித்து உயிரையும் இழக்கக் கூடும். வெயிற்காலத்தில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் தண்ணீரும் தேவைப்படும். தெளிந்த நீர் நிறைந்த தொட்டி எப்பொழுதும் அதன் எதிரே இருத்தல் வேண்டும்.

குளம்புகளைத் தூக்கிப் பார்த்தல் நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. இடுக்கில் புகுந்த ஒரு சிறு கல் குதிரையை நொண்டியாக்கிவிடும். குளம்பு, மனிதனின் நகம் போன்று வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு அல்லது எட்டு வாரத்திற்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் அடித்தல் வேண்டும். சேணம் உராயும் முதுகிலும், கடிவாளம் அழுந்தும் வாயோரத்திலும் புண் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே வீட்டார் தம் காலை உணவை நினைக்கலாம்.

இவ்வேலைகள் நடைபெறும் வேளையில் நாய் வாயிலில் படுத்திருக்கிறது. அது ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும். ஆயினும் தெருவில் செல்வோர் ஒவ்வொருவரின் காலடியையும் அது அறியும். பால் கொணர்பவருக்கு அது வாலை ஆட்டும். புதியவர் வந்தால் எழுந்து நிற்கும். கோழிக்கூட்டை நாடும் கீரி நாயின் குரல் கேட்டால் திரும்பி ஓடும். சேவல் பொழுதைச் சொல்ல, நாய் காவல் காக்க, குதிரை உழைத்து ஊதியம் தர, அவற்றின் சாணமும் எச்சமும் தோட்டத்திற்கு எருவாக, அச்சிறு மனை ஒரு சிறு நாடு போல் இயங்குகிறது. அந்நாட்டின் அரசர் மனிதர். அரசருக்குரிய முதற்கடமை, குடிகள் வாய்திறந்து கேட்கும் முன்னரே அவர்தம் குறையை அறிதலன்றோ?

அறியாமல் வளர்த்தலின் தீமையைப் பாண்டிய நாட்டு வரலாறே எடுத்துக்காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டின் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய வேந்தர் கடல் கடந்து வரும் குதிரைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினர் என்றும், ஆண்டின் இறுதியில் அவற்றுள் நூறு கூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. அவர் கூறிய தொகையில் மிகையிருக்கலாம். ஆனால் அதனால் விளங்கும் உண்மை மிகையன்று. அரசரின் கருவூலம் குதிரையை வாங்க வல்லது; குதிரையை வாழவைக்க வல்லது அறிவும் அன்றாட உழைப்புமே.

அக்குறை இன்று நீங்கிவிட்டதா? நீங்கவில்லை. தென்மாவட்டங்கள் நாட்டு நாய்களுக்குப் பெயர் பெற்றவை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய ஊர்ப்பெயர்களே நாய்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக விளங்கியது. இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் தூய வெண்ணிறத்தையே விரும்பி, நெருங்கிய உறவுள்ள நாய்களையே இணைத்ததன் விளைவாக, அவ்வினத்துள் பிறவிச் செவிடு காணப்படுகிறது. வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த நாய், ஓடுதற்கு இடமின்றி நான்கு முழச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டுண்டு கிடப்பதும் உண்டு. அது வீட்டை அழகு செய்கிறது என்று உடையவர் மகிழ்கிறார். நாயின் மகிழ்ச்சியை எவரும் கேட்பதில்லை.

சேவலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தவிட்டு நிறமும் நீண்ட கழுத்தும் உறுதியான காலும் கொண்ட சண்டைச் சேவலைத் தம் பிள்ளை போலவே வளர்ப்போர் உளர். வேளைக்கு உணவு, நீச்சற் பயிற்சி, உடம்பு பிடித்துவிடல் என அதற்குக் குறைவொன்றும் இல்லை. இவ்வளவும் எதற்காக? ஒரு நாள் காலில் கத்தி கட்டி மற்றொரு சேவலின் முன் விடுவதற்காக! சேவற்கட்டு நம் முன்னோரின் வழக்கம் என்று அதற்கு ஆதரவாகக் கூறுவர். பழமையான வழக்கம் என்பது உண்மையே. பழையன யாவும் நல்லன ஆகிவிடா. இரு சேவல்கள் தம்முள் தலைமைக்காகப் போரிடுதல் இயற்கை. தோற்ற சேவல் விலகி ஓடிவிடும், போரும் முடிந்துவிடும். கத்தியைக் கட்டி, ஓட வழியின்றி மக்கள் சூழ்ந்து நின்று, பணயம் வைத்துப் பார்த்தல் இயற்கையன்று.

இவ்வகைக் கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர் மதுரையிற் பிறந்த ஒரு பெண்மணியே என்பது இந்நகர மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. நடனக் கலையால் உலகப் புகழ் பெற்ற உருக்மிணி தேவி அருண்டேல் 1904ஆம் ஆண்டில் மதுரையிற் பிறந்தார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அதனினும் விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960இல் அச்சட்டம் நிறைவேறியது. விலங்குகளையும் பறவைகளையும் ஒன்றோடொன்று போரிடத் தூண்டுதலை அது குற்றமாக்கியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அம்மையாரே பணியாற்றினார்.

அச்சட்டத்தின் கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள் உழைக்கும் விலங்குகளைப் பற்றியன. பொதி சுமக்கும் மட்டக்குதிரையின் மீது 70 கிலோவிற்கு மேல் ஏற்றலாகாது. விலங்கினை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலோ வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசுக்கு மேல் உயரும் இடங்களில், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது. மதுரையின் கோடையில் வெப்பம் 40 பாகையையும் எட்டுவது அறிந்ததே. எனவே அவ்விதி இவ்வூர்க்கென்றே எழுதப்பட்டதுபோல் உள்ளது! விதியை அறிந்தோர் சிலர். கடைப்பிடிப்போர் அவரினும் சிலர்.

இவற்றைக் கண்டு, “நகரில் இவ்வுயிர்களுக்கு இடமே வேண்டா, சேவலின் கூவல் உறக்கத்தைக் கெடுக்கிறது, குதிரையின் சாணத்தில் ஈ மொய்க்கிறது, நாய் கடிக்கிறது” என்று கூறுவார் ஒரு சாரார். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. அடுத்த வீட்டாரின் அமைதியும் உடல்நலமும் மதிக்கத்தக்கவை. நாய்க்கடியால் பரவும் வெறிநோய் முற்றியபின் பிழைத்தவர் மிக அரியர். 1885இல் லூயி பாஸ்டர் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டார். 1907இல் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் ஒன்று எழுந்தது. இத்துணை ஆண்டுகள் கழிந்த பின்னரும், தடுப்பூசி இடப்படாத நாயால் ஒரு குழந்தை இறக்குமாயின், குறை நாயினுடையதன்று. உடையவருடையதும் ஊரினுடையதும் ஆகும். நாய் கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பினால் 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிதல் நலம்.

“எம் மனை, எம் விலங்கு, எத்தனையும் வளர்ப்போம், எவ்வாறும் வளர்ப்போம்” என்பார் மற்றொரு சாரார். இவர்கள் உயிரைப் பொருளென எண்ணுகின்றனர். பொருளை மூலையில் போட்டு மறந்துவிடலாம். உயிரை ஒரு நாளும் மறத்தல் இயலாது. திருவிழா நாளாயினும், வீட்டில் துன்பம் நேர்ந்த நாளாயினும், மழை பெய்யும் நாளாயினும் குதிரைக்குப் புல் வேண்டும். கோழிக்கு நீர் வேண்டும். நாய்க்குச் சோறு வேண்டும்.

இவ்விரு சாராரின் கருத்துக்கும் இடையே நல்வழி ஒன்று உண்டு. விலங்குகளை முற்றும் விலக்கிய நகரில் வளரும் பிள்ளை, தன்னினும் எளிய உயிருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பை இழந்துவிடும். அளவின்றி வளர்க்கும் வீட்டில் வளரும் பிள்ளையோ, பிற உயிரின் துன்பத்தைக் கண்டும் காணாதிருக்கப் பழகிவிடும். ஆகவே, கைகளால் பேணக்கூடிய அளவே வளர்த்தல் வேண்டும். பத்துச் சேவல்களுக்குக் கூடு அமைக்க இயலாதவர் நான்கு கோழிகளோடு அமைதல் வேண்டும். ஓடவிட இடமில்லாதவர் வேட்டைநாயை விரும்பலாகாது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்க இயலாதவர் குதிரையைக் கண்ணால் கண்டு மகிழ்வதோடு நிற்றல் வேண்டும். விரும்பாதிருத்தலும் அன்பின் ஒரு வகையே.

வளர்ப்பவருக்கு உதவும் வாயில்களும் இன்று பல உள. கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு எதிராகக் கால்நடை பராமரிப்புத் துறையினர் தடுப்பூசி முகாம்களை நடத்துகின்றனர். இமயமலைச் சாரலில் உள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அந்நோய் வந்தபின் மருந்தில்லை; வருமுன் காத்தலே வழி. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, ஆண்டுதோறும் மீண்டும் இடுதல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. வேண்டுவது நாட்குறிப்பும் மனமுமே.

இதற்குப் பள்ளி மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. கோடையில் வீட்டின் வெளியே ஒரு மண்சட்டியில் நீர் வைக்கலாம். வெயிலில் கட்டப்பட்ட குதிரையைக் கண்டால் உடையவரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். தெருநாயின் மீது கல்லெறியும் தோழனின் கையைப் பிடித்து நிறுத்தலாம். சேவற்கட்டு நடைபெறும் இடத்திற்குச் செல்ல மறுக்கலாம். பார்ப்பவர் இல்லாத களம் தானே கலையும்.

சித்திரைத் திங்களில் தங்கக் குதிரையின் முன் கைகூப்பி நின்ற மக்கள் வீடு திரும்புகின்றனர். வழியில், கோரிப்பாளையத்து மரநிழலொன்றில் ஒரு கிழட்டு மட்டக்குதிரை நிற்கக் கூடும். அதன் விலா எலும்புகள் தெரியலாம். முதுகில் சேணத்தின் தழும்பு இருக்கலாம். அதன்முன் ஒருவர் நின்று, ஒரு வாளி தண்ணீரை வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும் வரையில் காத்திருப்பாராயின், அவர் அன்று கண்ட திருவிழா நிறைவு பெற்றதாகும்.